அழுத்திய கை எங்கே?
டிப்ரெஸ்ட், ஒப்ரெஸ்ட் என்னும் இரண்டு சொற்களைப் பற்றி

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரைப் புகழ்ந்து தொடங்குவது வழக்கம். நம் ஆசிரியருக்கு அது பிடிக்காது. மாலையும் சால்வையுமாக வந்தவர்களிடம், "இந்தக் காசுக்கு பிள்ளைகளுக்கு ஒரு அகராதி வாங்கி வந்திருக்கலாமே" என்று முகத்துக்கு நேரே கேட்டவர் அவர். சேரியில் மாலை வகுப்பு நடத்தி எங்களில் பலருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். ஆகவே இன்று ஒரு அகராதி வேலையையே அவர் முன் வைக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கிராமத்தில் நடந்த வன்கொடுமையைப் பற்றி உண்மை அறியும் குழுவாகப் போய் வந்தோம். தமிழில் எழுதிய அறிக்கையை ஒரே இரவில் ஆங்கிலத்தில் பெயர்த்தோம். 'தாழ்த்தப்பட்ட மக்கள் வசிக்கும் தெரு' என்று தமிழில் இருந்த இடத்தில், பழைய அரசாங்கக் காகிதங்களில் பார்த்த பழக்கத்தில் 'டிப்ரெஸ்ட்' என்று போட்டுவிட்டோம். அதைப் படித்த வெளிநாட்டு ஆய்வு மாணவி ஒருவர் அக்கறையோடு கேட்டு எழுதினார்: "அந்தத் தெருவில் எல்லோருக்குமே மனச்சோர்வா? மருத்துவர் யாராவது போய்ப் பார்த்தார்களா?" எல்லோரும் சிரித்தோம். 'ஒப்ரெஸ்ட்' என்று திருத்தி அனுப்பிவிட்டு மறந்தும் போனோம். பிறகுதான் தோன்றியது, அந்தப் பெண் கேட்டதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று.

இரண்டு சொல்லுக்கும் வேர் ஒன்றே. அழுத்துதல் என்ற பொருள் கொண்ட லத்தீன் வினைச்சொல். முன்னொட்டு மட்டும்தான் வேறு. டிப்ரெஸ்ட் என்றால் கீழே அழுந்தியது. ஒப்ரெஸ்ட் என்றால் மேலே ஏறி, எதிரே நின்று அழுத்தப்பட்டது. சப்ரெஸ்ட் என்று மூன்றாவதும் ஒன்று உண்டு, அதற்குப் பிறகு வருகிறோம். வேர் ஒன்றானாலும் புழக்கத்தில் இவை பிரிந்துபோயின. நிலத்தில் பள்ளம் விழுந்தால் டிப்ரெஷன். வங்கக் கடலில் காற்றழுத்தம் தாழ்ந்தால் டிப்ரெஷன். 1929இல் அமெரிக்கச் சந்தை விழுந்து, அதைத் தொடர்ந்து உலகமே வேலையில்லாமல் நின்றதும் டிப்ரெஷன். இவற்றில் எதற்கும் குற்றவாளி கிடையாது. தானாக நிகழ்ந்தது, இயற்கை, விதி என்று விட்டுவிடலாம். ஒப்ரெஸ்ட் என்ற சொல்லை அப்படி விட முடியாது. சொன்ன மறுகணமே 'யாரால்?' என்ற கேள்வி எழுகிறது. அதனால்தான் ஒப்ரெஸர் என்ற பெயர்ச்சொல் ஆங்கிலத்தில் வலுவாக இருக்கிறது. டிப்ரெஸர் என்று தேடிப்பாருங்கள். உடம்பில் ஒருவகைத் தசைக்கு அந்தப் பெயர். தொண்டையைப் பார்க்க டாக்டர் நம் நாக்கை அழுத்துகிறாரே, அந்தத் தட்டைக் குச்சிக்கும் அந்தப் பெயர். நாம் 'ஆ' காட்டவேண்டும், அவ்வளவுதான்.

இந்த இரண்டு சொற்களில் எது நம் முன்னோர் மேல் ஒட்டப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். டிப்ரெஸ்ட் கிளாசஸ். 1906இல் விட்டல் ராம்ஜி ஷிண்டே பம்பாயில் தொடங்கிய அமைப்பின் பெயர் டிப்ரெஸ்ட் கிளாசஸ் மிஷன். ஷிண்டேயின் நல்ல மனதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் நோய்க்கு வைக்கிற பெயர்தான் மருந்தையும் தீர்மானிக்கிறது. தாழ்ந்து கிடக்கிறார்கள் என்றால் தூக்கிவிடவேண்டும். பள்ளிக்கூடம், குளியல், பஜனை, கள்ளை விடு, மாட்டுக்கறியை விடு என்று அந்தக் காலத்துச் சீர்திருத்தம் முழுக்க தூக்கிவிடும் வேலையாகவே இருந்ததற்கு இந்தச் சொல்லும் ஒரு காரணம். அழுத்தப்பட்டிருக்கிறார்கள் என்று தொடங்கியிருந்தால் முதல் வேலை அழுத்துகிற கையைப் பிடித்து எடுப்பது. அதற்கு நன்கொடை திரட்டுவது கடினம். நன்கொடை தருகிறவரின் கையே அதுவாக இருக்கலாம்.

1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு முன் அனுப்பப்பட்ட சுற்றறிக்கையைப் பற்றி அண்ணல் அம்பேத்கர் எழுதியிருக்கிறார். இந்துக்களில் சேர்த்தி உள்ளவர்கள் யார், இல்லாதவர்கள் யார் என்று பிரிப்பதற்கு அதில் பத்து அளவைகள் இருந்தன. பிராமணரின் மேலாண்மையை ஏற்கிறார்களா, வேதத்தை ஏற்கிறார்களா, கோயிலுக்குள் போக முடிகிறதா, தொட்டால் தீட்டா, பிணத்தைப் புதைக்கிறார்களா, மாட்டிறைச்சி தின்கிறார்களா என்று போகிறது பட்டியல். எல்லாக் கேள்விக்கும் எழுவாய் நாம்தான். நாம் கோயிலுக்குள் போக முடியாதவர்கள் என்று பதிவாகும். கோயிலைப் பூட்டியவர் யார் என்று ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது. சமூகவியல் வகுப்பில் எங்களுக்கு இதைத் தரவு என்று சொல்லிக்கொடுத்தார்கள். தரவுதான், மறுக்கவில்லை. பாதித் தரவு.

நம் தலைவர்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. சென்னை மாகாணத்தில் எம்.சி. ராஜா இருந்தார். பறையர், பஞ்சமர் என்ற பெயர்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர் என்று எழுதவேண்டும் என்று 1922இல் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் அவர். அகில இந்திய அளவில் அவர் தலைமை தாங்கிய சங்கத்தின் பெயரிலும் டிப்ரெஸ்ட் கிளாசஸ்தான் இருந்தது. அரசாங்கத்தோடு பேச அந்தப் பெயர் வேண்டியிருந்தது. ஆனால் 1925இல் தாமே ஒரு புத்தகம் எழுதியபோது அவர் வைத்த தலைப்பு 'தி ஒப்ரெஸ்ட் ஹிந்துஸ்'. இரண்டு எழுத்தை மாற்றிவிட்டார். பின்னாளில் மூஞ்சேயோடு அவர் செய்துகொண்ட ஒப்பந்தத்தை நாம் ஏற்கவில்லை. இந்தத் தலைப்புக்காக அவருக்குத் தரவேண்டிய மரியாதை வேறு.

காந்தியும் இந்தச் சொல்லைத் தொட்டிருக்கிறார். 1920இல் 'யங் இந்தியா' இதழில், டிப்ரெஸ்ட் என்பதைவிட விவேகானந்தர் சொன்ன சப்ரெஸ்ட் என்பதே சரி, ஏனென்றால் அழுத்தியவர்கள் நாம்தான் என்ற கருத்தில் எழுதினார். நியாயமாகச் சொன்னால், அந்த இடத்தில் அவர் சரியாக நின்றார். அங்கேயே நின்றிருக்கலாம். பதின்மூன்று வருடம் கழித்து 'ஹரிஜன்' என்று பத்திரிகை தொடங்கினார். அழுத்தப்பட்டவர் கடவுளின் பிள்ளை ஆனார், அழுத்தியவர் மறுபடி காணாமல் போனார்.

1931 நவம்பரில் வட்டமேசை மாநாட்டின்போது அம்பேத்கரும் நம் ரெட்டமலை சீனிவாசனும் சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுத்த துணை மனுவில் பெயருக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. டிப்ரெஸ்ட் கிளாசஸ் என்பது இழிவான பெயர், சாதி சாரா இந்துக்கள், எதிர்ப்பு இந்துக்கள், இணங்கா இந்துக்கள் என்ற பொருள்படும் பெயர்களில் ஒன்றை வையுங்கள் என்று கேட்டார்கள். தொகுதி, இட ஒதுக்கீடு என்று ஆயிரம் சண்டைக்கு நடுவே பெயருக்கு ஏன் இடம் ஒதுக்கினார்கள் என்று எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒருமுறை விவாதித்தோம். அவர்கள் கேட்ட பெயர்களில் இரண்டு நாம் என்ன செய்கிறோம் என்பதைச் சொல்பவை: எதிர்க்கிறோம், இணங்க மறுக்கிறோம். ஆங்கிலேயர் அதையும் தரவில்லை, இதையும் தரவில்லை. 1935 சட்டத்தில் ஒரு பட்டியலைப் போட்டு, பட்டியலில் உள்ள சாதிகள் என்று முடித்துக்கொண்டார்கள். அதைவிட நிறமில்லாத சொல் இருக்க முடியாது. ஆனாலும் இழிவில்லாத சொல்.

தமிழுக்கு வருவோம். இந்த வித்தியாசத்தைத் தமிழ் நமக்கு ஐந்தாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறது, தன்வினை பிறவினை என்று. தாழ்ந்தான், தாழ்த்தினான். ஒடுங்கினான், ஒடுக்கினான். 'தாழ்ந்த சாதி' என்று பெரியவர்கள் வாயில் இயல்பாக வந்த இடத்தில் 'தாழ்த்தப்பட்ட' என்று சொல்லவைத்தது சின்ன வெற்றியல்ல. 'பின்தங்கிய' என்பதற்குப் பதில் 'பிற்படுத்தப்பட்ட' என்று இந்த மாநிலம் சொல்வதும் அதே வழியில்தான். ஆனால் 'பட்ட' என்று முடிக்கிற செயப்பாட்டு வினையில் ஒரு வசதி இருக்கிறது. 'ஆல்' உருபை விட்டுவிடலாம். யாரால் என்று சொல்லாமலே வாக்கியம் முழுதாக நிற்கும். இன்னொன்று: தீண்டாதார் என்ற பழைய சொல்லை இலக்கணப்படி பிரித்துப் பாருங்கள். தீண்டாதவர் யார்? தொட மறுப்பவர். அவருடைய பெயரைத்தான் இத்தனை காலம் நமக்குச் சூட்டியிருந்தார்கள்.

சட்டத்திலும் இந்த இலக்கணம் வேலை செய்கிறது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் தீண்டாமைக் குற்றம் செய்கிற 'எவரொருவரும்' என்று பேசியது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்தபோது அது கூலித் தகராறு என்ற பேச்சுக்குள் போனது. 1973இல் உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுவித்தது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு வேறு மாதிரி தொடங்குகிறது: பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத எவரொருவரும். முதல் வரியிலேயே அழுத்துகிறவர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார் என்று சட்டம் சொல்லிவிட்டது. நான்காம் பிரிவு, கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியரையும் எழுவாய் ஆக்கியது. இந்தச் சட்டத்தின் மேல் இத்தனை ஆத்திரம் ஏன் என்று கேட்கும் மாணவர்கள் தண்டனைப் பகுதிக்குப் போகும் முன் இந்த வரியைப் படியுங்கள்.

இனி, இன்று பேச வந்த விஷயம். டிப்ரெஸ்ட் என்ற சொல் 1935இல் அரசாங்கக் காகிதத்திலிருந்து போய்விட்டது என்று நினைத்திருந்தோம். வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது, பல்கலைக்கழக வாசல் வழியாக. 2016 ஜனவரி 17இல் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா இறந்தார். அதற்கு முன் அவரும் நான்கு தலித் தோழர்களும் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, வளாகத்தில் திறந்தவெளியில் படுத்திருந்தார்கள். அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் வெலிவாடா. தெலுங்கில் ஊருக்கு வெளியே இருக்கும் நம் தெருவுக்கு அதுதான் பெயர். பின்னர் மத்திய அரசு அமைத்த ஒரு நபர் ஆணையம் சாவுக்குத் தனிப்பட்ட காரணங்களைச் சொன்னது, அவர் தலித் இல்லை என்றும் சொன்னது. 2019இல் மும்பையில் பழங்குடி மருத்துவர் பாயல் தட்வி இறந்தார். அதே ஆண்டில் ராதிகா வெமுலா, ஆபிதா தட்வி என்ற அந்த இரண்டு தாய்மாரும் சேர்ந்து, உயர்கல்வி நிறுவனங்களில் சாதிப் பாகுபாட்டுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் போனார்கள்.

நமக்குத் தெரிந்த ஒரு கல்லூரியிலும் இது நடந்தது. முதல் பட்டதாரியாக வந்த பிள்ளை. இறந்த அன்று மாலையே நிர்வாகத்தின் அறிக்கை வந்தது: மாணவர் டிப்ரெஷனில் இருந்தார். அம்மாவுக்கு அந்தச் சொல் புரியவில்லை. மன அழுத்தம் என்று சொல்லிப் புரியவைத்தோம். அவர் உடனே கேட்டார்: "யாருய்யா அழுத்துனது?"

மனச்சோர்வு பொய் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. இதை அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் இயக்க மேடைகளில் சில தோழர்கள் அவசரத்தில் அப்படிப் பேசிவிடுகிறார்கள். அது நோய், அதற்கு மருந்து இருக்கிறது, மருத்துவரிடம் போவதில் வெட்கமில்லை. இந்த அரங்கில் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், எதற்கு இருக்கிறோம் என்று தோன்றிக்கொண்டிருக்கும் பிள்ளை இருந்தால், கூட்டம் முடிந்ததும் எங்களில் ஒருவரிடம் வந்து சொல்லுங்கள், கூடவே வருகிறோம். நாங்களும் அந்த வரிசையில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தவர்கள்தான். நாங்கள் மறுப்பது, மருத்துவர் எழுதவேண்டிய சொல்லை நிர்வாகம் எழுதுவதை. மதிப்பெண் பட்டியலைச் சத்தமாகப் படித்து 'கோட்டாவில் வந்தவர்கள் எழுந்து நில்லுங்கள்' என்று சொன்னவர் யார், உதவித்தொகைக் காகிதத்தை மாதக்கணக்கில் மேசையில் வைத்திருந்தவர் யார், விடுதியில் தட்டைத் தனியாக வைக்கச் சொன்னவர் யார் என்ற கேள்விகளெல்லாம் டிப்ரெஷன் என்ற ஒரு சொல்லில் முடிந்துவிடுகின்றன. ஒரே பிள்ளை டிப்ரெஸ்டாகவும் ஒப்ரெஸ்டாகவும் இருக்க முடியும். முதலாவதைக் கவனிக்க ஆலோசகர் வேண்டும். இரண்டாவதற்கு விசாரணை வேண்டும். உயர்கல்வியில் சமவாய்ப்பை வளர்ப்பதற்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகள் 2012இலேயே வந்தன. உங்கள் கல்லூரியில் அதன்படி சமவாய்ப்புப் பிரிவும் புகாரைக் கேட்கும் அதிகாரியும் இருக்கிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

அந்த உண்மை அறியும் அறிக்கையின் கதையை முடித்துவிடுகிறோம். டிப்ரெஸ்டை ஒப்ரெஸ்ட் ஆக்கி அனுப்பிய பிறகு, தமிழ் மூலத்தை எடுத்து மறுபடி வாசித்தோம். வீடுகள் எரிக்கப்பட்டன, வண்டிகள் உடைக்கப்பட்டன, பெண்கள் தாக்கப்பட்டனர். ஒரு பக்கத்தில் பதினோரு 'பட்டன' இருந்தது. எழுதியது காவல்துறை அல்ல, நாமே. மறுபதிப்பில் ஒவ்வொரு வாக்கியத்தையும் திருப்பிப் போட்டு, யார் எரித்தார்கள், யார் உடைத்தார்கள் என்று எழுவாயை முன்னே கொண்டுவந்தோம். அச்சுக்குப் போகும் முன் வழக்கறிஞர் தோழர் படித்துவிட்டு, வழக்கு நிலுவையில் இருப்பதால் பெயர்களுக்கு முன் 'குற்றம் சாட்டப்பட்ட' என்று சேர்க்கவேண்டும் என்றார். அந்த ஒரு 'பட்ட'வை மட்டும் விட்டுவைத்தோம்.