இரவு 9 மணி நேர்காணல்

கறுப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் பட்டதாரிகளே, அவர்களைவிட அதிகமாக வியர்த்துக்கொண்டிருக்கும் பெற்றோர்களே!

"பிள்ளைகளுக்கு நம்பிக்கை தரும்படி பேசுங்கள்" என்று கல்லூரி முதல்வர் கேட்டுக்கொண்டார். நான் 22 ஆண்டுகளாக ஒரு போதை மீட்பு மையத்தில் வேலை பார்க்கிறவன். நம்பிக்கை என்ற சரக்கை நாங்கள் சில்லறையில்தான் விற்கிறோம். ஒரு நாளைக்கு ஒரு நாள் அளவுதான் கிடைக்கும். (எங்கள் வார்டில் 'சரக்கு' என்ற சொல்லை யார் சொன்னாலும் நோயாளிகள் சிரித்துவிடுவார்கள். இங்கே பின்வரிசையில் சில அப்பாக்களும் சிரிக்கிறீர்கள்.)

மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்திய ஆய்வின் அறிக்கை 2019-ல் வந்தது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெற்றிருக்கிறார். உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேரில் ஒருவர். மற்ற 37 பேர் எங்கே என்று கருத்தரங்குகளில் கேட்பார்கள். எனக்கோ, வந்து நிற்கிற அந்த ஒருவரை நினைத்துத்தான் தூக்கம் போகிறது. அவர் கதவைத் தட்டும்போது திறக்க ஆள் இருக்க வேண்டுமே!

கட்டடம் கிடைக்கிறது. நன்கொடையாளர் பெயர் எழுதிய கட்டில்கள் கிடைக்கின்றன. மாத்திரை கிடைக்கிறது. ஆள்தான் கிடைப்பதில்லை; கிடைத்தாலும் நிற்பதில்லை. 1980-ல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கியவர் சாந்தி ரங்கநாதன். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். இந்தச் சிகிச்சையைக் கற்றுக்கொள்ள அன்று அவர் அமெரிக்கா வரை போக வேண்டியிருந்தது. இன்று நீங்கள் பஸ் ஏறி வந்து இந்தக் கல்லூரியிலேயே அதில் பாதியைப் படித்துவிட்டீர்கள். ஆனாலும் எங்கள் மையத்தில் கவுன்சிலர் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.

ஒரு ஆட்டோ ஓட்டுநர். மூன்றாம் முறையாகப் பையோடு வந்தார். மூன்றாம் முறை வருவதற்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும். முதல் முறை மனைவி இழுத்து வருவார், மூன்றாம் முறை தானாகத்தான் வர வேண்டும். வாசலில் நின்று, "அந்த சிஸ்டர் இருக்காங்களா?" என்று கேட்டார். அந்த சிஸ்டர் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு பெரிய மருத்துவமனையில் காப்பீட்டுப் பிரிவில் வேலை. ஓட்டுநர் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஃபைலில் அவர் மனைவியின் எண் இருந்தது. அந்தக் குடும்பத்தைத் தெரிந்து, கூப்பிட்டுப் பேசக்கூடிய ஒருவர்கூட அன்று எங்களிடம் இல்லை.

"நோயாளிகள் மறுபடி குடிக்கிறார்கள், அதனால் ஊழியர்கள் மனம் வெறுத்துப் போகிறார்கள்" என்று சொல்வது வழக்கம். நானும் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். அது எங்களைப் போன்ற நிர்வாகிகளுக்கு வசதியான பொய். போனவர்களைப் பின்னர் தேடிப்போய்க் கேட்டேன். மதிப்பூதியம் மூன்று மாதம் சேர்த்து வந்தது என்றார் ஒருவர். பெண் பார்க்க வந்தவர்கள் "குடிகாரங்க நடுவுலயா வேலை?" என்று கேட்டதும் அப்பா ராஜினாமாக் கடிதத்தை எழுதிவைத்துவிட்டார் என்றார் இன்னொருவர். அந்த சிஸ்டரோ, "சார், ராத்திரி நான் தனியா இருந்தேன்" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு வரிக்குள் இருப்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். குடியை நிறுத்திய இரண்டாம், மூன்றாம் நாள் சிலருக்குக் கைநடுக்கம் முற்றிப் புத்தி பேதலிக்கும். சுவரில் இல்லாத பூச்சியைத் தட்டுவார். செத்துப்போன அப்பாவோடு பேசுவார். வலிப்பு வரலாம், கவனிக்காவிட்டால் உயிரும் போகலாம். டாக்டர் மருந்து எழுதிவைத்துவிட்டுப் போயிருப்பார். இரவு 2 மணிக்கு நாடி பார்ப்பது 23 வயதுப் பெண். விடிந்ததும் அவர் எழுதுவது 'இரவு அமைதி' என்ற இரண்டே சொல். நாங்களும் அதை நம்பிக் கையெழுத்துப் போட்டோம்.

இப்போது இரவில் இரண்டு பேர் இல்லாமல் வார்டு நடப்பதில்லை. வியாழக்கிழமை பிற்பகல் ஒரு மணி நேரம் ஊழியர்கள் மட்டும், வெளியிலிருந்து வரும் ஒரு மூத்த ஆலோசகரோடு உட்கார்ந்து பேசுகிறார்கள். எனக்கு உள்ளே அனுமதி இல்லை. சம்பளம் 5-ம் தேதி. இதற்காக ஆறு கட்டில்களைக் குறைத்தோம். நன்கொடையாளர்களுக்குக் கோபம்தான்.

ஒன்றைச் சொல்லாமல் போனால் இந்த உரை பொய்யாகிவிடும். குடியிலிருந்து மீண்டவர்களையே வேலைக்கு வைப்பது எங்கள் துறையின் பெரிய பலம். பத்துப் புத்தகம் படித்த கவுன்சிலர் சொல்லி நம்பாத நோயாளி, "நானும் இதே கட்டில்லதான் கிடந்தேன்" என்று ஒரு வார்டு உதவியாளர் சொன்னதும் எழுந்து உட்காருவார். அப்படி ஒருவர் எங்களிடம் நான்கு ஆண்டுகள் இருந்தார். தம்பி இறந்த வாரத்தில் மறுபடி குடித்துவிட்டார். நோயாளி குடித்தால் 'இது நோய்' என்று வகுப்பெடுக்கிற நான், அவரை அன்று மாலையே வேலையிலிருந்து நீக்கினேன். கையெழுத்து என்னுடையது. இப்போது எங்கள் விதியில், மீண்டவர் யார் சறுக்கினாலும் முதலில் சிகிச்சை, பிறகு வேறு பொறுப்பில் திரும்ப வேலை என்று எழுதியிருக்கிறது. அவருக்கு அது உதவவில்லை.

இன்று எங்கள் மையத்தில் இரண்டு இடங்கள் காலி. ஒரு கவுன்சிலர், ஒரு செவிலியர். உங்கள் மதிப்பெண் பட்டியலை நான் பார்க்க மாட்டேன். நேர்காணல் இரவு 9 மணிக்கு. வார்டில் எங்கள் ஆட்கள் இரண்டு பேரோடு விடியும்வரை உட்கார வேண்டும், அவ்வளவுதான். காலை 6 மணிக்கு டீ வரும். அப்போது நீங்கள்தான் எங்களைக் கேள்வி கேட்க வேண்டும்: சம்பளம் எப்போது, லீவு எத்தனை, போன சிஸ்டர் ஏன் போனார் என்று. வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள். அம்மா அப்பாவும் வருவதானால், கூடுதலாக இரண்டு டீ சொல்லிவைக்கிறேன்.