ஆழமான அலமாரிக்கு இழுப்புத் தட்டு

நம் வீடுகளில் ஆழமான அலமாரிக்குப் பின்னால் போன குக்கரை எடுக்க, பெரியவர்கள் குனிந்து தலையை உள்ளே விட வேண்டியிருக்கிறது. இழுப்புத் தட்டு போட்டால் பொருள் நம்மிடம் வரும்.

கார்பென்டரிடம் உள் அகலத்தைச் சொல்லாதீர்கள். தட்டு கதவில் முட்டும். கதவைத் திறந்து வைத்து, தடையில்லாத வாசல் அகலத்தை அளந்து சொல்லுங்கள். பக்கவாட்டில் பொருத்தும் பால் பேரிங் சேனலுக்கு இருபுறமும் அரை அங்குலம் விட வேண்டும். வாசல் 18 அங்குலம் என்றால் தட்டு 17. உள்ளே மிஞ்சும் இடைவெளியில் மரக்கட்டை அடித்து, அதில் சேனலைப் பொருத்தலாம்.

முழுவதும் வெளியே வரும் சேனலையே கேளுங்கள். அது தாங்கும் எடையையும் கேளுங்கள். அரிசி, கிரைண்டர் போன்ற கனமானவை கீழ்த் தட்டில் இருக்கட்டும்.