இலக்கற்ற இளமையும் கத்தரிக்கோல் காட்டிய வழியும்



தெருமுனையில் பொழுது கழிக்கும் படித்த இளைஞனைக் கண்டால், 'சோம்பேறி' என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிடுகிறது ஊர். அத்தீர்ப்பு முழுதும் அறமாகுமா? இவ்வினாவை எழுப்பிய திரைப்படங்கள் மூன்று, 1980, 1981 ஆகிய ஈராண்டுகளில் தமிழில் வெளிவந்தன. பாரதிராசாவின் 'நிழல்கள்', பாலச்சந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு', இராபர்ட்டு–இராசசேகர் இருவரும் இயக்கிய 'பாலைவனச் சோலை' என்பன அவை. மூன்றும் வேலையற்ற இளைஞரின் வாழ்வையே பொருளாகக் கொண்டவை.

'பாலைவனச் சோலை'யில் எதிர்வீட்டிற்குக் குடிவரும் ஒரு பெண்ணின் தூய நட்பு, திசையற்றுத் திரிந்த நண்பர் ஐவர்க்கு நிழலாகிறது. நெஞ்சுருக்கும் கதைதான். ஆயினும், நோயுற்ற ஒருத்தி வந்து தேற்றினால்தான் இளைஞன் நிமிர்வான் என்றால், அவள் மறைந்தபின் அவன் என்னாவான்?

'வறுமையின் நிறம் சிவப்பு' இதனினும் ஒருபடி மேலே செல்கிறது. கமலகாசன் ஏற்று நடித்த அரங்கன், இசைவாணர் ஒருவரின் மகன், பட்டம் பெற்றவன், பாரதியின் பாக்களில் தோய்ந்தவன். தில்லி மாநகரில் வேலை தேடி அலைகிறான். வீட்டில் உலை கொதிக்கவில்லை. வந்த பெண்ணுக்குத் தம் பட்டினி தெரியக்கூடாதென்று நண்பர்கள் விருந்துண்பதுபோல் நடிக்கும் காட்சியைக் கண்டு சிரித்தவர் பலர். சிரித்த வாய் மூடுமுன் கண் கலங்கியவரும் பலர். அவ்விளைஞர்களிடம் இல்லாதது முயற்சியன்று, வாய்ப்பே.

இறுதியில் அரங்கன் முடிதிருத்தும் தொழிலை ஏற்கிறான். மகனைத் தேடிவந்த தந்தை, கையில் கத்தரிக்கோலுடன் அவனைக் காண்கிறார். படத்தின் உயிர்நிலை இக்காட்சியே. கையேந்தாமல், பொய்யுரைக்காமல், தன் உழைப்பில் உண்ணும் அந்நாளில்தான் அரங்கன் ஆண்மகனாகிறான். பட்டம் அவனுக்குத் தராத நிமிர்வைக் கத்தரிக்கோல் தந்தது.

அத்தொழிலை இழிவென்று ஒதுக்கியது யார்? சாதி! உழைப்புக்கு உயர்வு தாழ்வு கற்பித்த அக்கொடுமைதான், படித்தவன் கையைக் கட்டிப்போட்டு அவனைத் திண்ணையில் அமர்த்தியது. ஒருபுறம் வேலை தராத அரசு. மறுபுறம் 'இவ்வேலை நமக்கு இழுக்கு' என்னும் குடும்பம். இவ்விரண்டுக்கும் இடையில் நசுங்குபவனையே ஊர் சோம்பேறி என்கிறது.

அரசு தன் கடமையினின்று தப்பிக்க இப்படத்தைச் சான்று காட்டுதல் ஆகாது. கற்ற கல்விக்கேற்ற தொழிலைக் கேட்பது இளைஞனின் உரிமை. ஆயின், அவ்வுரிமைக்குப் போராடும் காலத்தும் உழைத்துண்பது அவன் பெருமை.

திருக்குறளில் 61ஆம் அதிகாரம் மடியின்மை. அதனை அடுத்து நிற்பது ஆள்வினையுடைமை. சோம்பலைக் கடிந்ததோடு நில்லாமல், அடுத்தே முயற்சியின் சிறப்பைப் பேசுகிறது அந்நூல். பெற்றோர்களே! மகனைக் கடியுமுன், அவன் செய்ய முன்வந்த எந்த வேலையை இழிவென்று தடுத்தீர்கள் என எண்ணிப் பாருங்கள். இளைஞர்களே! எத்தொழிலாயினும் நேர்மையாய்ச் செய்யுங்கள், தலைநிமிர்ந்து செய்யுங்கள்!