ஓசிக் குடை

அவைத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி உங்கள் உள்ளங்கைகளைச் சிவக்க வைத்துவிட்டுப் போன தோழர்களே, மணிக்கூண்டைச் சுற்றி நின்றுகொண்டே கேட்கிற தம்பிமார்களே, அதோ அந்த ஓரத்தில் ஷிப்ட் முடித்த கையோடு சாப்பாட்டுத் தூக்குடன் வந்து உட்கார்ந்திருக்கிற என் தாய்மார்களே, தங்கைமார்களே!

எனக்குக் கொடுத்த தலைப்பு 'இறக்குமதியும் மனித உரிமையும்'. இந்தத் தலைப்பைக் கேட்டதும் பாதிக் கூட்டம் பிரியாணிக் கடைப் பக்கம் நகர்ந்துவிடும் என்றுதான் நினைத்தேன். திண்டுக்கல்லில் அதற்கு எப்போதும் ஆபத்து உண்டு. ஆனால் யாரும் நகரவில்லை. அந்தத் தைரியத்தில் பேசுகிறேன்.

அண்மையில் ஒரு மேடையில் ஒரு பெரிய மனிதர் பேசினார். யார் என்று கேட்காதீர்கள், சொன்னால் நாளைக்கு அவருக்கு விளம்பரம். 'மலிவு விலைதானய்யா ஏழைக்குக் கிடைக்கிற மனித உரிமை' என்றார். எங்கிருந்தாவது வரட்டும், எவனாவது செய்யட்டும், விலை குறைவா, வாங்கு. அதற்கு மேல் கேள்வி கேட்பவனெல்லாம் நாட்டின் வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்கிறவன். சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பயங்கரமான கைதட்டல்.

அவருக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்த கதைதான். தெரிந்த கதையை மறுபடி கேட்பதில் நமக்கு என்றைக்குக் கூச்சம் இருந்தது?

1906. தூத்துக்குடி. வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்குகிறார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டுக் கொழுத்துக்கொண்டிருந்தது ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி. இவர் 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். வெள்ளைக்காரன் என்ன செய்தான்? கட்டணத்தைக் குறைத்தான். இவரும் குறைத்தார். அவன் இன்னும் குறைத்தான். கடைசியில் சொன்னான்: 'கட்டணமே வேண்டாம், சும்மா ஏறிக்கொள்ளுங்கள். ஏறினால் ஆளுக்கு ஒரு குடையும் இனாம்!'

சிரிக்கிறீர்கள். அந்தப் பெரிய மனிதர் அன்றைக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? குடும்பத்தோடு வரிசையில் நின்றிருப்பார். ஆளுக்கு ஒரு குடை! மாமியாருக்கு ஒன்று கூடுதலாகக் கேட்டிருப்பார்! இருங்கள், இருங்கள், கைதட்டி என் நேரத்தைத் தின்றுவிடாதீர்கள்.

அந்தக் குடைக்கு யார் காசு கொடுத்தது? அதை மட்டும் கேளுங்கள். கம்பெனி முதலாளி வீட்டு நகையை விற்றுக் குடை கொடுத்தானா? இன்றைக்குக் குடை கொடுத்து எதிரியை ஒழித்துவிட்டு, நாளைக்குத் தனிக்காட்டு ராஜாவாக வைத்ததே விலை என்று வசூலித்துக்கொள்ளலாம். கணக்கு அதுதான். 1908-ல் வ.உ.சி.யைப் பிடித்து உள்ளே போட்டார்கள். செக்கு இழுக்க வைத்தார்கள். 1911-ல் கப்பல் கம்பெனியே கலைந்து போயிற்று.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மேடைகளில் இதை வசதியாக விட்டுவிடுகிறார்கள். அதே 1908-ல், கைதாவதற்குச் சில நாள் முன்பு, தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகளின் வேலைநிறுத்தத்துக்குத் தோள் கொடுத்து நின்றவர் வ.உ.சி. கூலி உயர்வும் வார விடுமுறையும் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் சிறைக்குப் போனார். சுதேசி என்றால் உள்ளூர் முதலாளியின் சரக்கை வாங்கு என்பதோடு அவருக்கு முடிந்துவிடவில்லை. அந்தச் சரக்கைச் செய்தவன் வீட்டு உலையில் அரிசி இருக்கிறதா என்றும் பார்த்தார். சுதேசி என்று தொண்டை கிழிய இன்று கத்துகிற சிலருக்கு இந்த இரண்டாம் பாதி மட்டும் காது கேட்பதில்லை. அவர்கள் பெயரையும் நான் சொல்ல மாட்டேன்.

ஓசிக் குடை நம் ஊரில் தொடங்கியதும் இல்லை. சர்க்கரையைப் பாருங்கள். 1833-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்துச் சட்டம் போட்டது. நட்ட ஈடாக 2 கோடி பவுன் கொடுத்தார்கள். யாருக்கு? அடிமைக்கா? அடிமையை வைத்திருந்தவனுக்கு! போகட்டும், ஒழித்தார்களே என்று பாராட்டலாம் என்றால், 1846-ல் அதே பாராளுமன்றம் இன்னொரு சட்டம் போட்டது. வெளிநாட்டுச் சர்க்கரைக்கும் தன் காலனிச் சர்க்கரைக்கும் படிப்படியாக ஒரே வரி. வெளிநாட்டுச் சர்க்கரை எங்கிருந்து வந்தது? கியூபாவிலிருந்து, பிரேசிலிலிருந்து. அங்கே கரும்பை வெட்டியது யார்? அடிமைகள். கியூபாவில் 1886 வரை, பிரேசிலில் 1888 வரை அடிமை முறை இருந்தது. என் வீட்டில் அடிமை இருக்கக் கூடாது, பக்கத்து வீட்டு அடிமை பிழிந்த சாறு மலிவாகக் கிடைத்தால் ஒரு குவளை ஊற்று. லண்டன் தேநீர்க் கோப்பையில் இனிப்பு ஒரு காசு குறைந்தது.

இதற்கும் நமக்கும் என்ன என்கிறீர்களா? விடுதலையான கறுப்பர்கள் பழைய கூலிக்குத் தோட்டத்தில் நிற்க மாட்டேன் என்றார்கள். சர்க்கரை விலையோ ஏறக் கூடாது. அப்படியானால் மலிவான கை எங்கே கிடைக்கும்? நம்மைத்தானய்யா தேடி வந்தார்கள்! மொரீஷியசுக்கு, கயானாவுக்கு, பிறகு பிஜிக்கு. 1860-ல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்று ஒரு கப்பல், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு, ஒப்பந்தக் கூலிகளாக நம் சனத்தை ஏற்றிக்கொண்டு போயிற்று. பிஜியின் கரும்புத் தோட்டத்தில் நம் பெண்கள் பட்ட பாட்டைப் பாரதி பாட்டாக எழுதினார் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அந்தக் கண்ணீருக்குப் பின்னால் இருந்தது ஒரு விலைப்பட்டியல். வரலாற்றுப் பாடத்தில் அதை யாரும் கேட்க மாட்டார்கள், மார்க் வராது.

அமெரிக்காவுக்கு வருகிறேன். உலகத்துக்கெல்லாம் மனித உரிமை பாடம் எடுக்கிற நாடு. 1930-ல் அவர்கள் ஒரு சுங்கச் சட்டம் போட்டார்கள். அதில் 307-ஆம் பிரிவு: கைதிகளை வேலை வாங்கியோ, கட்டாய உழைப்பிலோ செய்த எந்தப் பொருளும் அமெரிக்காவுக்குள் வரக் கூடாது. எவ்வளவு அழகு! அடுத்த வரியைப் படியுங்கள். அந்தப் பொருள் அமெரிக்காவின் தேவைக்குப் போதுமான அளவு உள்நாட்டில் விளையாவிட்டால், கட்டாய உழைப்புத் தடை செல்லாது! கொக்கோ அவர்கள் ஊரில் எவ்வளவு விளையும்? சாக்லேட்டை விட முடியுமா? ஆகவே, எங்களிடம் இருக்கிற பொருளுக்கு மனித உரிமை பார்ப்போம், இல்லாத பொருளுக்குக் கண்ணை மூடிக்கொள்வோம். அவர்கள் காப்பாற்றியது யாரை? வெளிநாட்டு அடிமையையா, உள்ளூர் முதலாளியின் சந்தையையா? இந்த ஓட்டையை அடைக்க அவர்களுக்கு 2016 வரை ஆயிற்று. 86 வருடம்! நம் ஊர் சாக்கடை அடைப்பைக்கூட அதற்குள் எடுத்துவிடுவார்கள்.

கிளின்டன் 1993-ல் சொன்னார், சீனா மனித உரிமையில் முன்னேறினால்தான் வரிச் சலுகை நீடிக்கும் என்று. ஒரு வருடம் ஆவதற்குள், 1994 மே மாதமே, இரண்டையும் முடிச்சுப் போட வேண்டாம் என்று அவிழ்த்துவிட்டார். சீனா திருந்திவிட்டதா? இவருக்குச் சரக்கு தேவைப்பட்டது. அதே அமெரிக்கா 2021-ல் ஷின்ஜியாங்கின் உய்குர் மக்களுக்காக ஒரு சட்டம் போட்டது. அங்கிருந்து வருகிற பொருள் எல்லாம் கட்டாய உழைப்பில் வந்ததாகவே கொள்ளப்படும், இல்லை என்று நீதான் நிரூபிக்க வேண்டும். நல்ல சட்டம்தான். நான் வரவேற்கிறேன். ஆனால் உலகப் பருத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விளைகிற அந்த மண்ணைப் பற்றி, சீனாவோடு மல்லுக்கட்டு முற்றிய பிறகுதான் வாஷிங்டனுக்கு நெஞ்சு வலித்தது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

'அப்படியானால் நீ தடையை எதிர்க்கிறாயா, ஆதரிக்கிறாயா?' என்று அங்கே முன்வரிசையில் ஒருவர் முகத்தாலேயே கேட்கிறார். சொல்கிறேன் ஐயா.

2013 ஏப்ரல் 24. டாக்காவுக்குப் பக்கத்தில் சாவார். ராணா பிளாசா என்று ஒரு கட்டடம். முதல் நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வெளியேற்றிவிட்டது. மேலே தைக்கிற பெண்களிடம் மட்டும் ஏறு, மிஷினில் உட்கார் என்றார்கள். ஏற்றுமதி ஆர்டர், தேதி தவறக் கூடாது. 1,134 பேர். நான் இதற்கு மேல் விவரிக்க மாட்டேன்.

உலகமே கொதித்தது. அமெரிக்கா என்ன செய்தது? இரண்டு மாதத்தில் பங்களாதேஷின் வரிச் சலுகையை நிறுத்தியது. பலே என்பீர்கள். அந்தச் சலுகைப் பட்டியலில் ஆயத்த ஆடையே கிடையாது! பீங்கான், விளையாட்டுச் சாமான், புகையிலை, இப்படிச் சில்லறைதான். செத்தது தையல்காரி, தண்டனை தட்டு செய்கிறவனுக்கு. இவர்கள் கடைக்குச் சட்டை வருவது ஒரு நாள்கூட நிற்கவில்லை.

சான்றிதழ் இருந்தால் போதும் என்கிறார்கள். ராணா பிளாசாவுக்கு முந்தைய வருடம் கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்கிற ஆடைத் தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்தது. 250 பேருக்கு மேல் போனார்கள். அந்தத் தொழிற்சாலைக்குச் சில வாரம் முன்புதான் சர்வதேசச் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள், தொழிலாளர் நலனில் சிறந்தது என்று! தங்கைகளே, ஆடிட் வருகிற அன்றைக்குக் கக்கூஸ் கழுவி, மாஸ்க் கொடுத்து, என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று ஒப்பிக்க வைப்பார்களே, உங்களுக்கா நான் சொல்ல வேண்டும்? பாருங்கள், அந்தப் பக்கம்தான் சிரிப்பு பலமாக வருகிறது.

இப்போது நம் மாவட்டத்துக்கு வருகிறேன். வராமல் என்னால் இந்த மேடையை விட்டு இறங்க முடியாது.

2021 ஜனவரி. ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த ஒரு தலித் பெண். சங்கத்தில் இருந்தவள். பெயரை நான் சொல்லவில்லை, இங்கே உட்கார்ந்திருக்கிற பலருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உடலாகத்தான் கிடைத்தாள். அவளுடைய சூப்பர்வைசர் மீது கொலை வழக்கு. அவள் தைத்த ஆடை கடல் தாண்டிப் போய்க் கண்ணாடிக் கடைகளில் தொங்கியது. அதன் விலைச் சீட்டில் இவள் இல்லை.

பிறகு என்ன நடந்தது? பெண்களே நடத்துகிற, தலித் பெண்கள் தலைமை தாங்குகிற ஒரு சங்கம், கையில் பணமும் இல்லாமல் பின்னால் கட்சிக் கொடியும் இல்லாமல், ஸ்வீடன் கம்பெனியான எச் அண்ட் எம்மை மேசைக்கு இழுத்தது. 2022 ஏப்ரலில் கையெழுத்து. அதற்குப் பெயரே திண்டுக்கல் ஒப்பந்தம்! அமெரிக்காவின் கேப், பிவிஎச் கம்பெனிகளும் பிறகு வந்து கையெழுத்துப் போட்டன. 25 தொழிலாளிக்கு ஒரு பெண் கண்காணிப்பாளர், சங்கத்திடம் பயிற்சி பெற்று லைனிலேயே நிற்பாள். புகார் சொன்னால் வேலை போகாது. தொழிற்சாலை மீறினால், வாங்குகிறவன் ஆர்டரை நிறுத்தியே ஆக வேண்டும். மனமிருந்தால் நிறுத்தலாம் என்கிற பேச்சுக்கே அதில் இடமில்லை. முதல் வருடத்திலேயே நூற்றுக்கு மேல் புகார் வந்தது. பெரும்பாலானவை தீர்ந்தன. முன்பெல்லாம் புகாரே வராது. புகார் வராத தொழிற்சாலையைத்தான் 'எங்களிடம் பிரச்சினையே இல்லை' என்று போர்டு மாட்டிக் காட்டுவார்கள்.

கேளுங்கள், முக்கியமான இடம் இது. 2022 ஜூலை கடைசியில் அமெரிக்கச் சுங்கத் துறை, அந்த 307-ஆம் பிரிவை எடுத்து, அந்தத் தொழிற்சாலையின் துணிக்குத் தடை போட்டது. தடை போட்டால் என்ன ஆகும்? ஆர்டர் போகும், வண்டி வராது, ஊரில் இருக்கிற பெண்கள் வேலை இழப்பார்கள். செப்டம்பர் தொடக்கத்திலேயே தடை நீங்கியது! எப்படி? யார் காலிலும் விழுந்து இல்லை. ஒப்பந்தம் இருந்தது, லைனில் பெண்கள் நின்றார்கள், மாற்றத்தைக் காட்ட முடிந்தது. பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர்களே, உங்களுக்குப் புரியாததா? வாஷிங்டன் பூட்டுப் போடும், ஐரோப்பிய யூனியன் பூட்டுப் போடும். சாவி தையல் மிஷின் முன்னால் இருக்கிறவள் இடுப்பில் இருக்க வேண்டும். ஐயா, உங்கள் கேள்விக்கு இதுதான் என் பதில்.

நம் டெல்லியில் இதற்கு வேறு பதில் வைத்திருந்தார்கள். 1996-ல் சிங்கப்பூரில் உலக வர்த்தக அமைப்பின் மாநாடு. தொழிலாளர் உரிமையை வர்த்தகத்தோடு சேர்க்கலாமா என்று பேச்சு வந்ததும் இந்தியா கடுமையாக எதிர்த்தது. பணக்கார நாடுகள் மனித உரிமை வேஷத்தில் மறைமுகத் தடை போடுகின்றன என்றார்கள். அதில் பாதி உண்மை, நானே சற்று முன் சொன்னேன். மீதிப் பாதி? வெள்ளைக்காரன் கேட்கிறான் என்பதற்காக நம் பிள்ளையின் கூலியைப் பற்றிப் பேசக் கூடாதா? திருமணத்துக்குப் பணம் தருகிறேன் என்று ஆசை காட்டி, வயதுக்கு வந்த பெண்களை மூன்று வருடம் மில் விடுதியில் அடைத்துவைத்த சுமங்கலித் திட்டம் எந்த நாட்டுச் சதி? பெயரைப் பாருங்கள், சுமங்கலி! நம் பெரிய மனிதர்தான் வைத்திருப்பாரோ?

ஏழைக்கு மலிவு வேண்டும்தான். சித்தாள் வேலைக்குப் போகிறவன் தீபாவளிக்குப் பிள்ளைக்கு 150 ரூபாய் சட்டை எடுக்கிறான் என்றால் அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு சட்டையின் கடை விலையில் தைத்தவளுக்குப் போவது மிகச் சிறிய பங்கு. அவளுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் எந்த ஏழையும் அம்மணமாக நிற்கப் போவதில்லை. நடுவில் இருக்கிறவனின் லாபம் கொஞ்சம் மெலியும். அவன் மெலியக் கூடாது என்பதற்காக ஏழையின் பெயரைச் சொல்லி அழுகிறார்கள்.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார், இரண்டாவது சீட்டு. முடிக்கிறேன். ஐரோப்பிய யூனியன் கட்டாய உழைப்புப் பொருளைத் தடுக்கும் சட்டத்தை 2024-ல் நிறைவேற்றிவிட்டது. 2027 டிசம்பரிலிருந்து அமலுக்கு வருகிறது. அன்றைக்குப் பதறி ஆடிட்டருக்கு விருந்து வைப்பதற்குப் பதிலாக, ஒரு நிறுவனத்தில் கிடைத்த ஒப்பந்தம் இந்த மாவட்டத்து ஒவ்வொரு மில்லுக்கும் வர வேண்டும் என்பதுதான் அடுத்து இங்கே வாசிக்கப் போகிற தீர்மானம். முதலாளிகள் சங்கத்துக்கும் ஒரு பிரதி போகிறது. தங்கை வந்து வாசிப்பார், லைனில் கண்காணிப்பாளராக நிற்கிறவர். ஆதரிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள், போட்டோ எடுக்கிற வரை இறக்காதீர்கள்.