கடைமடைக்கும் மருந்து எட்ட வேண்டும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



வீடூர் அணையில் நீர் நிறைந்திருந்தால் மட்டும் பயிர் பிழைத்துவிடாது. வாய்க்கால் நடுவழியில் உடைந்தால் கடைமடை வயல் காய்ந்துபோகும். இதை உங்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கர்ப்பிணித் தாய்மார்களுக்கான எச்.ஐ.வி. தடுப்பு மருந்தின் நிலையும் இத்தகையதே.

இந்தியாவில் இக்கிருமி முதன்முதலாக 1986-ஆம் ஆண்டு சென்னையில் கண்டறியப்பட்டது. கருவிலும், பிரசவத்தின்போதும், தாய்ப்பாலின் வழியாகவும் இது தாயிடமிருந்து சேய்க்குப் பரவக்கூடும். மருந்து இல்லையேல் 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை பாதிக்கப்படலாம். முறையாக மருந்து உட்கொண்டால் 5-க்கும் கீழே குறைத்துவிடலாம்.

2002-இல் இத்திட்டம் தொடங்கியபோது, பிரசவ வலி கண்டதும் தாய்க்கு ஒரு மாத்திரையும், பிறந்த குழந்தைக்கு ஒரு வேளைத் திரவ மருந்தும் தரப்பட்டன. 2014 முதல் முறை மாறிற்று. நோய் தெரிந்த நாள் தொட்டுத் தாய் வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் கூட்டு மருந்து உட்கொள்ள வேண்டும். குழந்தைக்குக் குறைந்தது 6 வாரம் மருந்து புகட்ட வேண்டும். அரசு இவற்றை இலவசமாகவே வழங்குகிறது. ஆயினும் தொடர்ச்சி அறுந்தால் பயன் குன்றும்.

அது எங்கே அறுகிறது? விழுப்புரத்தை அடுத்த சிற்றூரில் வாழ்க்கைப்பட்ட பெண் ஒருத்தி முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மருந்து பெறுகிறாள் என்று கொள்வோம். வளைகாப்பு முடிந்ததும் திண்டிவனம் பக்கத்திலுள்ள தாய்வீட்டுக்குச் செல்கிறாள். பதிவு ஓரூரில், பிரசவம் வேறோர் ஊரில். மாத்திரை தீர்ந்த அன்று, எதற்காகப் பேருந்து ஏறுகிறாய் என்று வீட்டார் கேட்டால் அவள் என்ன மறுமொழி சொல்வாள்? வழங்கிய கணக்கை எழுதி மனநிறைவு கொள்ளும் பழக்கம் அலுவலர்களாகிய நம்மிடமும் உண்டு. வழங்கிய கணக்கு வேறு, உட்கொண்ட கணக்கு வேறு.

ஊராட்சி செய்யக்கூடியவை சில உண்டு. முதலாவது, கர்ப்பிணிகள் அனைவரும் முதல் 3 மாதங்களுக்குள் பதிவு செய்து, மற்ற இரத்தப் பரிசோதனைகளுடன் இதையும் செய்துகொள்ளத் தூண்டுதல். எல்லாரும் செய்தால் எவர்மீதும் ஐயம் விழாது. இரண்டாவது, தாய்வீடு செல்லும் ஒவ்வொரு கர்ப்பிணியும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லி, உரிய மருந்துகளுடன் புறப்படும் வழக்கத்தை ஏற்படுத்துதல். அவ்வூர்ச் செவிலியருக்கு இவ்வூர்ச் செவிலியர் தெரிவிப்பார். கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் வெளியூர் செல்லும் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். மூன்றாவது, துணை சுகாதார நிலையத்தில் பேச்சு வெளியே கேளாத ஓர் அறை அமைய உதவுதல்.

நான்காவது, செய்யாதிருக்க வேண்டிய ஒன்று. அந்தப் பெண் யார் என்று ஒருபோதும் வினவாதீர்கள். ஒருவரது நோய்நிலையை அவர் இசைவின்றி வெளியிடுவதையும், அதன் பொருட்டு அவரை ஒதுக்குவதையும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அச்சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. ஐயமுடையோர் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தையோ, 1097 என்ற தொலைபேசி எண்ணையோ நாடலாம்.

அன்பர்களே! வயல் காய்ந்தால் அடுத்த பட்டத்தில் மீண்டும் விதைக்கலாம். பிறக்கும் குழந்தைக்கு இரண்டாம் பட்டம் இல்லை. வாய்க்காலின் கரையை நாம் அனைவரும் சேர்ந்து காப்போமாக.