பென்சிலும் மண்ணெண்ணெயும்

(கல்லூரி நூற்றாண்டு விழாக் கருத்தமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவர் பேச வருகிறார் என்றதும் நீரிழிவு பற்றியும் இரத்த அழுத்தம் பற்றியும் சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதற்கான ஏச்சை நேற்றைய மருத்துவ முகாமிலேயே பலர் வாங்கிவிட்டீர்கள். இன்று பேச எடுத்துக்கொண்டது வேறு விடயம். இங்கே 'நாங்கள்' என்பது மேடை மரியாதைக்காகச் சொல்வதல்ல. இந்தக் கல்லூரியில் ஒரே வாங்கில் இருந்து படித்த மூவர். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது பத்தாம் ஆண்டில் இருந்தோம். பிறகு வெவ்வேறு வழிகளால் கனடா போய்ச் சேர்ந்து, ஸ்காபரோவில் ஒரே பஸ்ஸில் மறுபடி சந்தித்துக்கொண்டோம். ஒருத்தி இன்று கணக்காளர், ஒருத்தி ஆசிரியை, மற்றவள் வைத்தியர். உரையை மூவரும் சேர்ந்தே எழுதினோம். வைத்தியருடைய எழுத்துத்தான் விளங்காது, பேச்சாவது விளங்கட்டும் என்று வாசிக்கும் பொறுப்பு இவளிடம் விடப்பட்டது.

2002ஆம் ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும், கோடை விடுமுறையில், சுதந்திர சந்தைப் பொருளாதாரம் பற்றிய ஒரு வாரக் கருத்தரங்குகளுக்குச் சென்றோம். எங்களுக்கு அப்போது இருபத்தொரு வயது. பல்கலைக்கழக அறிவித்தற் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தங்குமிடமும் சாப்பாடும் இலவசம் என்று போட்டிருந்தது. உலகில் இலவசச் சாப்பாடு என்று ஒன்று இல்லை என்பதைப் படிப்பிக்கிற கருத்தரங்குக்கு இலவசச் சாப்பாட்டை நம்பித்தான் போனோம். வீட்டில் அம்மாமார் கேட்டது ஒரே கேள்வி: "விஞ்ஞானம் படிக்கிற பிள்ளையளுக்கு இதென்னத்துக்கு?" அதற்கு அப்போது எங்களிடம் பதில் இருக்கவில்லை.

ரொறன்ரோவிலிருந்து இரவு பஸ்ஸில் நியூயோர்க். அங்கிருந்து ஹட்சன் ஆற்றங்கரையோடு போகிற ரயிலில் இர்விங்ரன் என்ற சிறிய ஊர். பொருளாதாரக் கல்விக்கான அறக்கட்டளை என்ற நிறுவனம் அங்கே ஒரு பழைய பெரிய வீட்டில் இயங்கிக்கொண்டிருந்தது. 1946இல் லெனாட் றீட் என்பவர் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் எல்லா நாடுகளும் அரசாங்கத் திட்டமிடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்த காலத்தில், அது பிழையான வழி என்று சொல்வதற்காகவே தொடங்கப்பட்ட நிறுவனம். கட்சி சார்ந்த இடம் அல்ல, ஆனால் பக்கம் சாராத இடமும் அல்ல. அதை அவர்கள் மறைக்கவும் இல்லை.

முதல் நாளே றீட் 1958இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையைத் தந்தார்கள். ஒரு பென்சில் தன் பிறப்பு வளர்ப்பைத் தானே சொல்வதுபோல அமைந்தது. பென்சில் ஒன்றை முழுமையாகச் செய்யத் தெரிந்த மனிதர் உலகில் ஒருவர்கூட இல்லை என்பதுதான் அதன் வாதம். மரம் அமெரிக்காவின் மேற்குக் கரையில் வெட்டப்படுகிறது. வெட்டுகிறவருக்குக் காரீயம் பற்றித் தெரியாது, காரீயம் தோண்டுகிறவருக்கு அழிறப்பர் பற்றித் தெரியாது. யாரும் கட்டளையிடாமலே, விலை என்ற ஒன்றின் மூலம், ஆயிரக்கணக்கானோரின் வேலை ஒன்றுசேர்கிறது. வாசித்துக்கொண்டு போகையில் அந்தக் காரீயம் எங்கிருந்து வருகிறது என்ற இடம் வந்தது. இலங்கையிலிருந்து! விரிவுரையாளர் அந்த வரியைச் சாதாரணமாகத்தான் கடந்துபோனார். நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். போகலையிலும் ககட்டகஹவிலும் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் ஹட்சன் ஆற்றங்கரை வகுப்பறை ஒன்றில் வந்துபோனதை அங்கே வேறு யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த பாடம் ஹயெக். 1945இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது: ஒரு பொருளுக்குத் தட்டுப்பாடு வந்தால், ஏன் வந்தது என்று யாருக்கும் தெரியத் தேவையில்லை. விலை ஏறுகிறது, அந்த ஒரு செய்தியை வைத்துக்கொண்டு எல்லோரும் சிக்கனம் செய்கிறார்கள், மாற்று வழி தேடுகிறார்கள். விரிவுரையாளர் தகரத்தை உதாரணமாகச் சொன்னார். எங்களுக்குத் தகரம் தேவைப்படவில்லை. நாங்கள் மண்ணெண்ணெய்ப் பிள்ளைகள்.

தங்கைமாருக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 1990இலிருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, சீமெந்து இல்லை. மண்ணெண்ணெய் விலை பல மடங்கு ஏறியது. ஹயெக் சொன்னபடியே எல்லாம் நடந்தது. ஜாம் போத்தலில் கொஞ்சம் பஞ்சும் ஒரு திரியும் வைத்து விளக்குச் செய்தோம். சைக்கிளைக் கவிழ்த்துவைத்துக் கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தார்கள். கிளாலிக் கடல்நீரேரியால் சாமான் வந்தது. அந்த விலைக்குள் வள்ளக்காரரின் உயிராபத்தும் ஒரு கூலியாகச் சேர்ந்திருந்தது. இதையெல்லாம் அங்கே எழுந்து சொன்னபோது, வகுப்பே திரும்பிப் பார்த்தது. விரிவுரையாளருக்கு மகிழ்ச்சி. தன் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை என்றார். தடையைப் போட்டது அரசு, அதைச் சமாளிக்க வழி கண்டது மக்களும் விலையும் என்றார்.

அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவருக்கு நாங்கள் சொன்ன மறுமொழியையும் இங்கே பதிய விரும்புகிறோம். விலை எல்லோருக்கும் ஒரே செய்தியைச் சொன்னது, ஆனால் செய்தியைக் கேட்டு ஏதாவது செய்யக்கூடிய நிலையில் எல்லோரும் இருக்கவில்லை. எங்கள் வகுப்பிலேயே, அடுத்த வீட்டு விறாந்தையில் எரிந்த விளக்குக்குக் கிட்டப் போயிருந்து வீட்டுவேலை செய்த பிள்ளைகள் இருந்தார்கள். அந்த வீட்டுக்கு விலை சொன்ன செய்தி 'சிக்கனமாய் இரு' என்பதல்ல, 'இருட்டில் இரு' என்பது. சங்கக் கடையில் பங்கீட்டு அட்டைக்குக் கிடைத்த அளவு எண்ணெய்தான் அவர்களுக்கு வெளிச்சம். அதற்கு அன்று தெளிவான பதில் வரவில்லை. பக்கத்து மேசையில் இருந்த ருமேனிய மாணவி மட்டும் எங்களிடம் வந்து, தன் சின்ன வயதில் பங்கீட்டு அட்டையோடு இறைச்சிக்கு விடியற்காலையில் வரிசையில் நின்ற கதையைச் சொன்னாள். அட்டை இருந்தது, இறைச்சி இருக்கவில்லை. எங்களுக்குக் கொஞ்சம் வெளிச்சம் தந்த அட்டை அவளுக்கு வெறும் கடதாசி. அந்த இரவு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். விரிவுரைகளை விட அதில்தான் அதிகம் படித்தோம் என்று எங்கள் கணக்காளர் இப்போதும் சொல்வார்.

மிளகாய்க் கதையையும் சொல்ல வேண்டும். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்து மிளகாயும் வெங்காயமும் பொன்னாய் விற்றன. எங்கள் தாத்தாமார் கல்வீடு கட்டியது அந்தக் காசில்தான். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் வெளிநாட்டு மிளகாய் வந்திறங்கியது, தோட்டக்காரர் நொடிந்துபோனார்கள். இதைப் பெருமையோடும் கோபத்தோடும் சொன்னோம். விரிவுரையாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த விலைக்கு மிளகாய் வாங்கிச் சாப்பிட்டவர்கள் யார், அவர்களுடைய தாத்தாமார் என்ன சொல்வார்கள் என்று கேட்டார். அதே ஆண்டுகளில்தான் கொழும்பில் பாணுக்கு வரிசை நின்றது. எங்களுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் அதை யாரும் கேட்டதாக நினைவில்லை.

இரண்டாவது கோடையில் மில்ரன் பிறீட்மன். 1962இல் வெளிவந்த அவருடைய நூலில் ஓர் அத்தியாயம், வைத்தியர்களுக்கு அரசு அனுமதிப்பத்திரம் வழங்கும் முறையையே நீக்க வேண்டும் என்கிறது. அனுமதிப்பத்திரம் நோயாளியைக் காப்பதை விட, வைத்தியர்களின் எண்ணிக்கையைக் குறைத்து அவர்களின் வருமானத்தைக் காக்கிறது என்பது வாதம். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்துவிட்டு இருந்த ஒருத்திக்கு அதைக் கேட்க எப்படி இருந்திருக்கும்! இன்று, இத்தனை ஆண்டு வைத்தியம் பார்த்த பிறகு, அந்த வாதத்தில் பாதியை ஏற்கிறோம். இங்கிருந்து வந்த எத்தனை நல்ல வைத்தியர்கள் கனடாவில் பயிற்சி இடம் கிடைக்காமல் வேறு வேலை செய்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு அது புரியும். மற்றப் பாதியை ஏற்க முடியாது. நள்ளிரவு இரண்டு மணிக்கு நெஞ்சுநோவோடு வருகிறவர் விலை விசாரித்து ஒப்பிட்டுப் பார்த்து வைத்தியரைத் தெரிவுசெய்வதில்லை. அவர் வாங்குவது என்னவென்று அவருக்கே தெரியாது. இதைக் கெனத் அரோ என்ற பொருளியலாளர் 1963இலேயே விளக்கி எழுதியிருந்தார். இர்விங்ரனில் அவரைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. திரும்பிவந்து நூலகத்தில் நாங்களாகத் தேடி எடுத்தோம்.

கனடாவில் வைத்தியரிடம் போனால் நோயாளி காசு கொடுப்பதில்லை. சஸ்கச்சுவானில் 1962இல் அந்த முறை வந்தபோது வைத்தியர்கள் 23 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இன்று அதைத் தொட எந்த அரசியல்வாதியும் துணிய மாட்டார். ஆனால் முழங்கால் மாற்றுச் சிகிச்சைக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் முதியவரிடம், இது முற்றிலும் இலவசம் என்று எங்களால் சொல்ல முடிவதில்லை. அவர் வலியால் கட்டணம் செலுத்துகிறார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2016இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலை நிர்ணயிக்கப்பட்டது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து இரண்டே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டியது. பழைய உச்ச விலைக்கு இறக்குமதி செய்தால் நட்டம், டொலரும் இல்லை. எங்கள் கனடாக் கிளை பெட்டி பெட்டியாக மருந்து அனுப்பியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அப்போது இங்குள்ள மருந்துக்கடைக்காரர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார்: "டொக்டர், விலை நல்ல விலைதான். மருந்துதான் இல்லை." அவர் ஹயெக்கைப் படித்தவரல்ல. பிறகு உச்ச விலைகள் உயர்த்தப்பட்டன, மருந்தும் மெல்ல மெல்ல வந்தது. வந்தபோது, மாதத்துக்கு வாங்கிய குளிசையைப் பத்து நாளுக்கு மட்டும் வாங்கிப்போனவர்களும் இருந்தார்கள். இரண்டையும் பார்த்தோம். இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லுகிறவர்களோடு இன்றுவரை எங்களால் ஒத்துப்போக முடியவில்லை.

எங்களைப் படிப்பித்தது 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி. அதன் செலவை யாரோ கொடுத்தார்கள்: தேயிலைக் கொழுந்து கிள்ளியவர்களும் தென்னந்தோட்டங்களில் வேலை செய்தவர்களும். இலவசம் என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பவர்களைத் தேடிப் பார்க்க எங்களைப் பழக்கியது, அந்த இலவசத்தை விரும்பாதவர்கள் நடத்திய கருத்தரங்குதான்.

ஆகவே ஒரு கோரிக்கையோடு வந்திருக்கிறோம். நூற்றாண்டு நிதியில் எங்கள் 1997 உயர்தரப் பிரிவுத் தோழிகளின் பங்காக ஒரு தொகையைச் சங்கப் பொருளாளரிடம் ஒப்படைத்துள்ளோம். ஒவ்வொரு ஆண்டும் உயர்தரம் எழுதிய நான்கு மாணவிகள் பொருளாதாரம் பற்றிய கருத்தரங்குகளுக்குச் சென்றுவர அது உதவ வேண்டும். வர்த்தகப் பிரிவிலிருந்து இருவர், விஞ்ஞானப் பிரிவிலிருந்து இருவர். சந்தையை ஆதரிப்பவர்கள் நடத்தும் ஒன்றுக்கும், அதை எதிர்ப்பவர்கள் நடத்தும் ஒன்றுக்கும் போக வேண்டும். திரும்பி வந்ததும் காலைக் கூட்டத்தில் இருபது நிமிடம் பேச வேண்டும், கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். கேள்வி கேட்கும் பொறுப்பு பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுடையது. விண்ணப்பப் படிவங்கள் அடுத்த தவணை முதல் கல்லூரி அலுவலகத்தில் கிடைக்கும். போக்குவரத்துச் செலவை நாங்கள் ஏற்போம். சாப்பாடு இலவசமா என்பதை அவர்களே விசாரித்துக்கொள்ளட்டும்.