வாவிக்கரைத் தக்காளியும் வாசலோரப் பாத்தியும்

(தோட்டக் குடும்பங்களுக்கான வீட்டுத்தோட்டக் கூட்டமொன்றில், மட்டக்களப்பிலிருந்து வந்திருந்த விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நான் மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து வந்திருக்கிறேன். கடலோரத்து மணலில் நிற்கிற ஆள், மலை உச்சியில் இருக்கிற எங்களுக்குத் தக்காளி நடச் சொல்லித்தர வந்திருக்கிறாரே என்று நீங்க நினைக்கலாம். நியாயம்தான். எங்கட ஊர் முறையை அப்படியே இங்க செய்யுங்க என்று சொல்ல நான் வரவில்லை. அங்க ஏன் அப்படிச் செய்றாங்க என்ற காரணத்தைச் சொல்றேன். காரணம் விளங்கிவிட்டால், உங்கட பாத்திக்கு எது பொருந்தும் என்று நீங்களே முடிவு செய்வீங்க.

தக்காளி எதற்கு?

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வு ஒரு கணக்குச் சொல்கிறது. 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 100க்கு 17 பேர். தோட்டப் பகுதியில் 100க்கு 32 பேர். இதற்குப் பல காரணங்கள் உண்டு. தாய்மாருக்கு இரத்தம் குறைவாக இருப்பதும் அதில் ஒன்று.

பருப்பிலும் கீரையிலும் இரும்புச்சத்து இருக்கிறது. ஆனால் சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடிச்சால், தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து அந்த இரும்பை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். தக்காளியில் உள்ள வைட்டமின் சி இதற்கு நேர்மாறாக, இரும்பு உடம்பில் சேர உதவி செய்யும். அதனால் இரண்டு பழக்கம் போதும். தேத்தண்ணியைச் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிங்க. சோற்றோடு ஒரு தக்காளிச் சம்பல் வையுங்க. கனநேரம் வேகவைத்தால் வைட்டமின் சி குறையும். பச்சையாகச் சாப்பிடுவது நல்லது.

கடையில் தக்காளி விலை ஒரு மாதம் மலிவு, மறுமாதம் கிட்டப் போக முடியாது. 12 கன்று நட்டு, ஒரு கன்றுக்கு ஒன்றரைக் கிலோ என்று வைத்தாலும் 18 கிலோ. புது வீடும் 7 பேர்ச் நிலமும் கிடைத்தவர்களுக்கு இது சின்ன வேலை. லயத்தில் இருப்பவர்களுக்கு வாசலோரத்தில் 9 அடி நீளம், 5 அடி அகலம் இருந்தால் போதும்.

ஒரே காற்று

எங்கட வாவி, வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, அது மணல் நிலம். சூரியன் படும் பக்கம் படுவான்கரை, அது வயல் நிலம். களுதாவளை, செட்டிபாளையம், ஆரையம்பதி எல்லாம் எழுவான்கரை ஊர்கள். களுதாவளை வெற்றிலைக்கும் மரக்கறிக்கும் பேர் போன ஊர்.

மே மாதம் தொடக்கம் தென்மேற்குக் காற்று வீசுகிறது அல்லவா? அந்தக் காற்றுத்தான் ஹட்டன் பக்கம் மழையைக் கொட்டுகிறது. மழையை இங்க இறக்கிவிட்டு, மலையைத் தாண்டி வெறுங்கையோடு எங்களிடம் இறங்கி வரும்போது அது அனல் காற்று. நாங்க அதைக் கச்சான் என்று சொல்வோம். கச்சான் அடிக்கும்போது தக்காளிப் பூ பொலபொலவென்று உதிரும். பகல் சூடும் இரவுப் புழுக்கமும் கூடினால் பூவில் மகரந்தம் கெட்டுப்போகும், காய் பிடிக்காது.

அதனால் எங்கட பக்கம் மாரி மழை ஓயும் நேரம் பார்த்துக் கன்று நடுவாங்க. நவம்பர் கடைசியில் நாற்றுமேடை, டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ நடுகை, கச்சானுக்கு முன் அறுவடை.

உங்களுக்கு எதிரி சூடு இல்லை, ஈரம். மழையும் பனிமூட்டமும் நாள் கணக்கில் நின்றால் இலையில் கறுப்புக் கறை விழுந்து, ஒரு கிழமையில் பாத்தி முழுக்க அழுகிவிடும். இதைப் பின்வெளிறல் நோய் என்பார்கள். 1845இல் அயர்லாந்து நாட்டின் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்ததும் இதே நோய்தான்.

ஆகவே ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கத்தவர்கள் டிசம்பர், ஜனவரியில் கன்றை நட்டு, மே மழைக்கு முன் பறித்து முடிக்கப் பாருங்க. நுவரெலியா உயரத்தில் ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழும். அங்க உள்ளவர்கள் இரவில் கன்றை மூட வேணும். ஊவாப் பக்கத்தவர்களுக்குக் கணக்கு வேறு. பதுளையில் பெரிய மழை வருட முடிவில் வரும். நீங்க ஏப்ரல், மேயில் நட்டு ஜூன் தொடக்கம் ஆகஸ்ட் வரை பறிக்கலாம். பாத்திக்கு மேல் ஒரு தெளிந்த பொலித்தீன் கூரை போட்டு, பக்கங்களைத் திறந்து விட்டால் பாதி நோய் வராது. தண்ணீரை இலையில் ஊற்றாமல், காலையில் வேரடியில் ஊற்றுங்க.

மண்ணும் பசளையும்

எங்கட மணலில் தண்ணீர் நிற்காது, பசளையும் நிற்காது. அதனால் மாட்டெரு, கூட்டெருவை நிறையப் போட்டு, வைக்கோலால் மூடி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடுவாங்க. ஒரு நாள் நனைத்து மூன்று நாள் காயவிட்டால் பழத்தின் அடி கறுத்து அழுகும். தண்ணீர் ஒழுங்கில்லாமல் போக, சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வருவது அது.

உங்கட மண் தண்ணீரைப் பிடிக்கும், ஆனால் புளிப்பு மண். தேயிலைக்குப் புளிப்பு வேணும், தக்காளிக்கு வேண்டாம். நடுவதற்கு 3, 4 கிழமைக்கு முன் பாத்தியில் டொலமைற் தூவிக் கொத்திவிடுங்க. அது கிடைக்காவிட்டால் அடுப்புச் சாம்பலும் இடித்த முட்டைக்கோதும் ஓரளவு உதவும்.

வாவிக்கரைக் கிணறுகளில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கோடையில் அளவுக்கு மீறி இறைத்தால் கீழே உள்ள உப்பு மேலே ஏறும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் புகுந்து கிணறுகள் உப்பாகின. மழை பெய்து பெய்துதான் அந்த உப்பு மண்ணுக்குள் இறங்கியது. உப்பு ஏறிய மண்ணில் தண்ணீர் இருந்தாலும் கன்று குடிக்க முடியாமல் கருகும்.

உங்களுக்கு உப்புக் கிணறு இல்லை. ஆனால் பசளையும் ஒருவகை உப்புத்தான். கைநிறைய அள்ளி வேரடியில் போட்டால் அதே மாதிரிக் கருகும். தேயிலைக்குப் போடுகிற பசளை கொழுந்து வளர்க்கிற பசளை. அதைத் தக்காளிக்குப் போட்டால் இலை செழிக்கும், காயைக் காண மாட்டீங்க. நன்றாக மக்கிய கூட்டெருவே முதல் பசளை.

பச்சையாகவே வாடும் கன்று

இன்றைக்கு நான் சொல்வதில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்க. கன்று நன்றாக நிற்கும். ஒருநாள் மத்தியானம் தலை சாயும், இரவில் தெளியும். இரண்டு, மூன்று நாளில் இலை மஞ்சளாகாமல் பச்சையாகவே வாடிச் செத்துப்போகும். இது பக்டீரியா வாடல். எங்கட ஊரிலும் உண்டு, இங்கயும் உண்டு.

சோதனை லேசு. தண்டை வேருக்குச் சற்று மேலே வெட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள கிளாசில் வெட்டுமுகம் தொடும்படி அசையாமல் பிடிங்க. சில நிமிடத்தில் பால் நூல் மாதிரி வெள்ளையாக இறங்கினால் அதுதான். இதற்கு மருந்து இல்லை. கடைக்காரர் எதைத் தந்தாலும் காசு வீண்.

இந்தக் கிருமி மண்ணில் வருடக்கணக்கில் இருக்கும். தண்ணீரோடு போகும், மண்வெட்டியில் ஒட்டிப் போகும். எங்கட சமநிலத்தில் வெள்ளம் அதைப் பரப்பும். இங்க நிலம் சரிவு. மேல் லயத்தில் செத்த கன்றைக் கானில் வீசினால், கீழ் லயத்துப் பாத்திக்கு அது போய்ச் சேரும். உங்கட வீட்டு நோய் அடுத்த வீட்டுப் பிள்ளையின் சோற்றில் கைவைக்கும். அதனால் செத்த கன்றை வேர்மண்ணோடு தோண்டிப் பையில் போட்டுக் கட்டி, காயவைத்து எரியுங்க. மண்வெட்டியைக் கழுவுங்க.

தக்காளி, மிளகாய், கத்தரி, உருளைக்கிழங்கு நாலும் ஒரே குடும்பம். ஒன்றுக்குப் பின் மற்றதை அதே பாத்தியில் வைக்க வேண்டாம். இரண்டு, மூன்று வருடத்துக்குப் போஞ்சி, கோவா, சோளம், கீரை என்று மாற்றுங்க. அழுகிய உருளைக்கிழங்கைக் கூட்டெருக் குழியில் போடாதீங்க. வாடல் கண்ட வாசலில், பழைய பசளைப் பையைக் கழுவி, வேறு இடத்து நல்ல மண் நிரப்பி அதில் நடலாம். தாய்வானில் உள்ள உலக மரக்கறி நிலையம், கத்தரி வேரில் தக்காளியை ஒட்டி வளர்க்கும் முறையைக் காட்டியிருக்கிறது. ஏற்ற கத்தரி இனமாக இருந்தால் அந்த வேர் வாடலையும் வெள்ளத்தையும் தாங்கும். கை பழகிய இளைஞர்கள் முயற்சி செய்து பாருங்க.

உங்கட கைக்குத் தெரிந்த வேலை

கவ்வாத்து உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உயரமாக வளரும் இனங்களில் இலைக்கும் தண்டுக்கும் இடையில் வரும் பக்கத் துளிரை, கொழுந்து கிள்ளுகிற மாதிரி விரலால் கிள்ளிவிடுங்க. ஒரு தண்டு அல்லது இரண்டு தண்டு போதும். கன்றைக் கம்பில் கட்டுங்க. குட்டையான இனத்துக்குக் கிள்ளத் தேவையில்லை.

கிள்ளுவதற்கு முன் ஒரு காரியம். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களும் பீடி குடிக்கிறவர்களும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேணும். புகையிலையில் உள்ள ஒரு வைரஸ் கைவழியாகக் கன்றுக்குத் தொற்றி, இலையில் தேமல் விழும்.

இன்னொன்று. மலைக்குக் களைகொல்லி அடித்த தெளிகருவியால் தக்காளிக்கு எதையும் தெளிக்காதீங்க. கழுவினாலும் மிச்சம் இருக்கும். சில களைகொல்லிகள் துளி பட்டாலே தக்காளி இலை முறுகிச் சுருண்டுவிடும். அந்தக் களைகொல்லிப் போத்தலில் தண்ணீர் எடுக்கவே கூடாது. நாம் சாப்பிடப்போகிற பயிர் இது.

விதைக்கு, கலப்பினம் அல்லாத நல்ல கன்றில் நன்றாகப் பழுத்த பழத்தை எடுங்க. விதையைச் சாற்றோடு 2 நாள் புளிக்கவைத்து, கழுவி நிழலில் உலர்த்தினால் அடுத்த போகத்துக்கு உங்களிடமே விதை இருக்கும். நோய் கண்ட கன்றில் விதை எடுக்கவே வேண்டாம். பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்தில் எல்லாருக்குமாக ஒரு நாற்றுமேடை போடுங்க. பாத்தி போடும்போது மேல் வீட்டுக்காரரும் கீழ் வீட்டுக்காரரும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பேசி முடிவு செய்யுங்க. அடுத்த கொழுந்துச் சம்பளத்துக்குள் விதை மண்ணுக்குள் போகட்டும்.